மைனாவைப் பிடித்த கை

ஒரு வருஷமாகப் பொய்யைச் சோறு மாதிரி தின்று செரித்தவனை ஒரு மைனா மாட்டிவிடப் பார்த்தது.

கூண்டுக்கடையின் பின்னறைக்குள் அவனை அன்றுதான் முதன்முதலாக விட்டிருந்தார் கடைக்காரர். முன்பக்கம் கம்பிக் கூண்டு, தீனி, தண்ணீர்க் கிண்ணம் என்று யோக்கியமான வியாபாரம். பின்பக்கம் பழக்கூடைகளில் மூச்சுவிட இடமில்லாமல் மலை மைனாக்கள், எல்லாம் காட்டில் வலைபோட்டுப் பிடித்தவை. வாங்கி விற்கும் ஆள் என்று சொல்லி நுழைந்தவன், கடைக்காரர் "மாப்ளே" என்று கூப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டான். உண்மையில் அவன் வனத்துறை அதிகாரி. அவன் பின்னறைக்குள் போன கொஞ்ச நேரத்தில், எதிரே சலவைக் கடையில் நிற்கும் துறை ஆட்கள் வந்து அவனையும் சேர்த்தே பிடிப்பார்கள் என்பது ஏற்பாடு. அப்போதுதான் வேஷம் கலையாது, கடைக்காரருக்குச் சரக்கு அனுப்பும் பெரிய முதலாளி வரைக்கும் போக முடியும். கலைந்தால் ஒரு வருஷப் பாடும் வீண். அந்த முதலாளி காட்டையே காலி செய்துவிட்டுத்தான் ஓய்வான்.

கடைக்காரர் ஒரு கூடையைத் திறக்க, மைனா ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து ஜன்னலில் மோதியது. வியாபாரி என்றால் துண்டைப் போட்டு அமுக்குவான், காலைப் பிடித்துத் தொங்கவிடுவான். இந்தப் பாழாய்ப்போன கை என்ன செய்தது? முதுகை உள்ளங்கையில் வாங்கி, கழுத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே விட்டு, சிறகு அடங்க, நெஞ்சு அமுங்காமல் பிடித்தது. பறவையின் காலில் வளையம் மாட்டி ஆராய்ச்சி செய்கிறவர்கள் பிடிக்கும் பிடி அது.

போச்சு!

"என்ன மாப்ளே, பச்சப்புள்ளயத் தூக்குற மாதிரி தூக்குற? எங்க கத்துக்கிட்ட?"

தீனித் தட்டு கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவிதான், அவன் அக்கா என்று கூப்பிடுகிறவள், குரல் கொடுத்தாள்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன். நீங்க பிடிக்கிற லட்சணத்துல பாதி வழியிலயே செத்துப்போகுது. முதல்ல போய் முன்கதவச் சாத்துங்க, யாராச்சும் வந்துடப் போறாங்க."

"ஆமா, இவ பெரிய டாக்டரு" என்று முனகிக்கொண்டே அவர் போனார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி, ஏரியில வளையம் போட வந்தவங்களுக்கு நான் சமைச்சுப் போட்டிருக்கேன் தம்பி. இந்தப் பிடி எனக்குத் தெரியும்."

"என்னக்கா சொல்றீங்க, ஒண்ணும் புரியல" என்றான். அவனுக்கே அந்தக் குரல் அசிங்கமாக இருந்தது.

"சொல்லிட மாட்டேன், பயப்படாத. இந்தப் பாவம் வேணாம்னு தலையால தண்ணி குடிச்சுப் பார்த்துட்டேன், மனுஷன் கேக்கல. ஒண்ணே ஒண்ணு. அவருக்கு இழுப்பு இருக்கு. மருந்து சட்டப் பையில வெச்சிருப்பாரு. அத மட்டும் பிடுங்கிடாதீங்க."

முன்கதவு படாரென்று திறந்தது.

"மாப்ளே, பின்பக்கமா ஓடிரு! நீயாவது தப்பிச்சுக்கோ!" கடைக்காரர் கத்தினார். பாவி மனுஷன், தன்னைப் பற்றி நினைக்கவே இல்லை.

உள்ளே புகுந்த ஆட்கள் இருவரையும் சுவரோரம் நிறுத்திச் சட்டைப் பைகளைக் காலி செய்தார்கள். மருந்துக் குழாயும் மேஜைக்குப் போனது. கடைக்காரருக்கு இழுக்க ஆரம்பித்தது. முதலில் மெல்ல, பிறகு விசிலடிப்பது போல. வனக்காவலர் ஒருவர், "நடிக்காதய்யா" என்றார். அக்கா அவனையே பார்த்தாள். சொன்ன வாக்குப்படி வாயைத் திறக்கவில்லை. அந்த முதலாளியை நினைத்து அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கடைக்காரரின் உதடு நீலம் பாய்ந்தது.

"மருந்த எடுத்து அவர்கிட்ட குடுய்யா! சீக்கிரம்!" அவன் அதட்டினான்.

காவலர் பதறி விறைப்பாக நின்றார். "சரிங்க சார்!"

கடைக்காரர் மருந்தை இழுத்தார், இன்னொரு தடவையும் இழுத்தார். பேச மூச்சு வந்ததும் காவலரைத்தான் கேட்டார்:

"எங்க மாப்ளய எதுக்குய்யா சார்னு கூப்பிடுற?"