அயோவாவில் சாப்பிட்ட நாட்கள்

பிப்ரவரி 12, புதன்

1
நேற்று மாலை எழுத்து வகுப்பில் வாசித்த கதைத் தொடக்கத்தில் ஒரு சின்னத் தவறு. ரோஸை ஆர்வில்லின் உதவியாள் என்று எழுதிவிட்டேன். இருவரும் லிஃப்ட் மெக்கானிக்குகள், வேலையில் சம ஜோடி. லிஃப்ட் பழுதுபார்க்கையில் ரோஸ் கூண்டின் மேல் நிற்பாள். ஆர்வில் மேலே மோட்டார் அறையிலிருந்து குரல் கொடுத்து இயக்குவார்.

இந்தக் கதை எங்கள் மிசௌரி கம்பெனியின் சம்பளப் பிரிவில், என் மேசையில் பிறந்தது. ஆள் வேறு மாநிலத்தில் ஒரே ஒரு நாள் வேலை செய்தாலும் அங்கேயும் வருமான வரி பிடிக்க வேண்டும். ஊருக்கு ஊர் விதி வேறு. முதலாளி சலித்துப்போனார். (போதாது. பேனாவை வீசினார்.) இனி வெளி மாநில வேலையே வேண்டாமாம். ரோஸ் வேறு ஆளோடு, ஆர்வில் கிடங்குக்கு.

2
ஆர்வில் அதிகம் பேசாத, அமைதியான

இல்லை. வாயே மூடமாட்டார்.

நாளை நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் கருத்துக் கேட்கிறார்கள். சில நாள் மட்டும் வந்து வேலை செய்பவர்களுக்குச் சொந்த மாநில வரி போதும் என்று ஒரு மசோதா. ரோஸுக்கும் ஆர்வில்லுக்கும் அங்கேதான் வேலை அதிகம். மசோதா தேறினால் ஜோடியைப் பிரிக்கமாட்டேன் என்கிறார் முதலாளி. பேசப்போவது நான். வாசிக்கப்போவது இதை.

3
வாசிக்கத் தயங்கும் பகுதி இது. வேலை நடந்தது நெப்ராஸ்காவில். வேலை நேரக் கணக்கில் இவர்கள் பதிந்ததோ பக்கத்து மாநிலமான அயோவா. வரியும் அங்கேயே போய்விட்டது.

"சாப்பிட்ட மாநிலத்தையா போடுவீங்க?" என்றேன்.

"நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள்ள கெடக்குறவனுக்கு மாநிலம் எங்க தம்பி தெரியுது?" என்றார் ஆர்வில். "ஆத்தத் தாண்டிப் போய் பன்றிக்கறி சாண்ட்விச் தின்னோம். அது அயோவா. அது நல்லா ஞாபகம் இருக்கு."

"அவர் சொன்னாரு, நான் போன்ல தட்டிப் பதிஞ்சேன்," என்றாள் ரோஸ்.

"ஏம்மா, விரல் உன்னோடதுதானே?"

"வாய் உங்களோடது!"

4
முடிவு அ: உறுப்பினர்கள் சிரிக்கிறார்கள், மசோதா தேறுகிறது.

முடிவு ஆ: சிரிக்கிறார்கள். 'விதியில் குறையில்லை, ஆட்கள்தான் அசடு' என்று

(இதை முடிக்க மனமில்லை.)

ரோஸிடமே கேட்டேன். "இந்த அயோவா கதையச் சொல்லட்டுமா?"

"சொல்லு. சிரிச்சா சிரிக்கட்டும். வேற எவன் குரல நம்பியும் நான் கூண்டு மேல ஏறமாட்டேன். அதையும் சேத்துச் சொல்லு."

அங்கே வாக்களிக்கக் கை தூக்குகிறவர்கள் என் பாத்திரங்கள் அல்ல. அ, ஆ இரண்டையும் உறுப்பினர்களான உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

நாளை: காலை ஆறு மணிக்குச் சட்டமன்றம் இருக்கும் லிங்கன் நகருக்குக் கிளம்ப வேண்டும், மூவரும். முதலில் சாண்ட்விச், பிறகு குரல் என்ற வரிசையில் பேச வேண்டும். மதியச் சாப்பாடு நெப்ராஸ்காவுக்குள்ளேயே.