மூச்சு விடாத பேட்டரி

கதவைத் திறந்ததுமே அழுகிய முட்டை நாற்றம் லோஷினியின் முகத்தில் அறைந்தது.

பேட்டரி அறை என்று பேர்தான். அப்பா வீரமுத்து வீட்டோடு ஒட்டி எழுப்பிய தகரக் கூண்டு. அவர் உயிர் போனதும் அங்கேதான்; பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. கருமாதி முடிந்து சொந்தமெல்லாம் கலைந்து, லோஷினியும் வேலைக்குத் திரும்பிய பிறகும் அம்மா ராஜம்மா அவருக்கு ஏற்றிய விளக்கை எடுக்கவில்லை. பேட்டரிகளின் மேலேயே ஒரு பலகை போட்டு எரியவிட்டிருந்தாள். காற்றில் அணைந்துவிடக் கூடாதாம். அதற்காக ஜன்னல் இடுக்கையெல்லாம் அப்பாவின் கைலியைக் கிழித்து அடைத்திருந்தாள். பக்கத்தில் பாய், தலையணை.

லோஷினி விளக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். திரும்பி வந்து துணிகளைப் பிடுங்கி எறிந்தாள்.

“ஏண்டி, அப்பா விளக்கையா வெளிய வைக்கிற?”

“வீடே வெடிச்சிருக்கும்மா! உங்களையும் சேத்து வாரித்தான் எடுத்திருக்கணும்!”

பாலோ ஊரைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் போகும் செம்மண் தடத்தின் கடைசியில் இருந்தது அந்த வீடு. மின்கம்பம் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. கூரையில் சோலார் தகடு, கீழே பழைய லோரி பேட்டரிகள். லோரி பேட்டரி என்பது இஞ்சினை ஒரு உதறு உதறிக் கிளப்பத்தான். விடிய விடிய விளக்கெரிக்க அதைப் பிழிந்தால் செத்துப்போகும். யூனியில் டிகிரி படிக்கும்போதே அப்பாவிடம் சொன்னாள். “நாலு எழுத்து படிச்சிட்டு எனக்கே பாடமா?” என்றார். குடும்பத்திலேயே முதல் டிகிரி என்று ஊரெல்லாம் லட்டு கொடுத்த அதே மனுஷர். ஒரு பேட்டரி விஷயத்தில் அந்த டிகிரிக்கு மரியாதை இல்லை. இப்போது செத்த பேட்டரிக்குள் சூரியன் மின்சாரத்தைத் திணித்துக்கொண்டே இருந்தது. தாங்க முடியாமல் உள்ளே இருக்கும் தண்ணீர் குமிழியிட்டு வாயுவாகப் பிரிகிறது. அந்த வாயுவுக்கு ஒரு சின்னத் தீ போதும். “பேட்டரி கொதிக்குதும்மா,” என்றாள்.

“கொதிப்பு இல்லடி அது. காத வச்சுக் கேளு. அப்பா மூச்சு விடுறாரு.”

லோஷினி குனிந்தாள். கருப்புப் பெட்டிகளுக்குள்ளிருந்து களக், களக் என்று சத்தம். நடுவில் ஒரு நீண்ட இழுப்பு. சளி கட்டிய நெஞ்சோடு அப்பா தூங்கும்போது வருகிற அதே இழுப்பு. அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“மூச்சு இல்லம்மா. வெறும் வாயு.”

“மூச்சும் வாயுதானே.” அம்மா பாயில் படுத்துக்கொண்டாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. சமைத்த சட்டி எதுவும் அடுப்படியில் இல்லை. “என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு, லோசி.”

அடுத்த நாளே லோஷினி குளுவாங் டவுனுக்கு வண்டியை விட்டாள். கடைக்காரர் காளிதாஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணன், மாமா யாரும் வரலியாம்மா?”

“நான் வந்திருக்கேன்ல. பேட்டரியக் காட்டுங்க.”

“வீட்டுக்குன்னா இந்தத் தண்ணி ஊத்துற பேட்டரியே போதும் லா. தடியான தகடு. நல்லா உழைக்கும்.”

“அதுவும் வாயு விடும். வேணாம்.”

“அப்ப இது? லித்தியம். பழைய கார்லேர்ந்து எடுத்தது, மலிவு.”

“யாரோ பாதி ஆயுசு தின்னு துப்புனதை என் தலையில கட்டாதீங்க, அண்ணே. புது செல் இருக்கா? லித்தியம் அயர்ன் பாஸ்பேட்? மிதமிஞ்சி ஏறினா தானே வெட்டி விடுற சர்க்யூட் உள்ள இருக்கணும். என் கண்ணு முன்னால லோட் போட்டு சார்ஜை இறக்கிக் காட்டுங்க.”

“அலமாக்! பொண்ணா போலீஸா?” காளிதாஸ் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து கொண்டுவந்தார். சொன்னபடி இறக்கியும் காட்டினார். “நிழல்ல வச்சுக்க, சூடு ஆகாது. இது மூச்சே விடாது. பக்கத்துல விளக்கு, சாம்பிராணி, என்ன வேணா கொளுத்து. உங்க அம்மா காலத்துக்கப்புறமும் ஓடும்.”

வியாபாரப் பேச்சுதான். ஆனாலும் லோஷினிக்கு அவர் வாயைத் தைக்க வேண்டும் போலிருந்தது.

புதுப் பெட்டியை அவளே மாட்டினாள். சோலார் கன்ட்ரோலரை லித்தியத்துக்கு மாற்றினாள். பழைய பேட்டரிகளை இழுத்துப்போய், அப்பா அரிவாள் வைக்கும் சுவரில்லாத பொண்டோக் குடிசையில் அடுக்கினாள். விளக்கை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். அம்மா புதுப் பெட்டியில் காது வைத்துப் பார்த்தாள்.

“இது ஒண்ணுமே பேசலியே.”

“பேசாது. அதுக்குத்தான் இது.”

அவற்றை ஏற்றிப்போக பழைய இரும்புக்காரன் சனிக்கிழமை லோரியோடு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை தூறியது. அம்மா வீட்டில் இல்லை. பொண்டோக்கில், செத்த பேட்டரிகள் பக்கத்தில் பாய் விரித்து, சாரலில் நனைந்து படுத்திருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

“உள்ள வாங்கம்மா.”

“இருடி. இன்னும் கூப்பிடுறாரு. லோரி வந்தா நானும் ஏறிக்குவேன்.”

ஒயரை அறுத்து நாளாகிவிட்டது. கொதிக்க வழியே இல்லை. அம்மாவுக்குக் காட்டிவிடலாம் என்று லோஷினி வோல்ட் மீட்டரை எடுத்துவந்து வைத்தாள். பூஜ்யம். எல்லாப் பெட்டியிலும் பூஜ்யம்.

களக், களக். பிறகு அந்த இழுப்பு.

படித்த எதுவும் உதவிக்கு வரவில்லை. வந்தது கோபம் மட்டும்தான்.

“யப்பா!” என்று கத்தினாள். “உயிரோட இருந்தப்பதான் யார் சொல்லும் கேக்கல. பிடிவாதத்துலயே வாழ்ந்தீங்க, பிடிவாதத்துலயே போனீங்க. அதோட விடுங்க! அவங்க சோறு தின்னு எத்தன நாளாச்சு தெரியுமா? கண்ணு குழிஞ்சு கெடக்குறாங்க. ஒங்களுக்குத் தனியா போகப் பயமா இருந்தா அது ஒங்க பாடு. என் அம்மாவக் கூப்பிடாதீங்க!”

சத்தம் பாதி இழுப்பில் நின்றது.

தகரத்தில் தூறல் விழுவது மட்டும் கேட்டது. அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்தாள். கடைசிப் பெட்டிக்குப் பிறகு, சாவன்றுகூட அழாத அம்மா, வாய்விட்டு அலறினாள். லோஷினியின் முதுகிலும் தோளிலும் இரண்டு கையாலும் அடித்தாள். “போய்ட்டாருடி! தொரத்திட்டியேடி, பாவி!”

லோஷினி அடியை வாங்கிக்கொண்டே அம்மாவை இடுப்போடு அணைத்துத் தூக்கினாள். கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை. பாதி வழியில் அம்மா அடிப்பதை நிறுத்திவிட்டுத் தோளில் சாய்ந்தாள்.

“பேட்டரிய மாத்துங்கன்னு அப்பவே நானும் எவ்வளவோ கெஞ்சினேன்,” என்றாள் விக்கிக்கொண்டே. “மனுஷன் கேக்கல.”

அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, ஈரத்தைத் துடைத்து, கஞ்சிக்கு அரிசியைப் போட்டுவிட்டு வந்து லோஷினி வாசல் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்ட கையை எடுக்காமல் நின்றாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. அந்த இழுப்பு வருமா என்று அவள் காது கொடுத்துக்கொண்டே இருந்தாள்.