கலசத்துக்குப் போகிற கேமராவுக்குக் கவர் எதற்கு?

ட்ரோன் கேமராவுக்கு முன்னால் மாட்ட ஒரு பிளாஸ்டிக் கவர் தருவார்கள். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், சின்னக் கிண்ணம் அளவு இருக்கும். பெட்டியில் வைக்கும்போது லென்ஸில் கீறல் விழாமல் இருக்கத்தான் அது. அதை மாட்டிக்கொண்டே பறக்க விடலாமா, கூடாதா என்று எங்கள் வீட்டில் ரொம்ப நாளாகச் சண்டை. என் கட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கவரோடு பறக்க விடுகிறவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு குளிக்கிறவர்கள்.

என் வீட்டுக்காரர் பாண்டியராஜ் அந்த ரகம். டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை. ஃபிரிட்ஜ் தலையில் பூப்போட்ட துணி. கார் வாங்கி வருடக்கணக்காகியும் சீட்டில் ஷோரூம் பாலிதீன் அப்படியே இருக்கிறது. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தால் முதுகுத் தோல் அதோடு போய்விடும். கேட்டால், "பொருளு புதுசாவே இருக்குல்ல?" என்பார். புதுசாக இருந்து யாருக்கு லாபம்? அதன் நிறம் என்னவென்றே எனக்கு மறந்துவிட்டது.

திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, சர்ச் தேர் எதுவானாலும் அவர் கீழே கேமரா பிடிப்பார், நான் ட்ரோன் ஓட்டுவேன். முறையாகக் கற்றுக்கொண்டு ஓட்டுகிறவள். எனக்குக் கை நடுங்காது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் கிடையாது.

எரியோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு ஊரில் காளியம்மன் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. பேசி முடித்தது விழாக் கமிட்டி. ஆனால் அந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் சோலைமலை அண்ணன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தக் கோபுரத்தைக் கட்டிய கொத்தனார் அவர். உச்சி வரைக்கும் கட்டிவிட்டு, கலசம் வைக்கப்போகிற சமயத்தில் சாரம் சரிந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. நாங்கள் இடம் பார்க்கப் போன அன்று, அவர் சம்சாரம் அய்யம்மாள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நீதான் வண்டி ஓட்டுற பிள்ளையாத்தா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார். "கலசத்த மத்தவகதான் தூக்கி வச்சாக. நான் இன்னும் பக்கத்துல பாக்கல. இப்ப தண்ணி ஊத்துறதுக்கும் மேல ஏற ஏலாது. தண்ணி கலசத்துல விழுகுறத மட்டும் எனக்குத் தெளிவா காட்டிரு. வேற ஒண்ணும் வேணாம்."

கோயிலுக்கு முன்னால் பெரிய எல்இடி திரை கட்டப்போகிறார்கள். ட்ரோன் பார்ப்பது அப்படியே அதில் ஓடும். அதற்கு நேர் முன்னால் அவருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

"காட்டிருவேண்ணே," என்றேன். யோசிக்கவே இல்லை.

போலீஸ் அனுமதி எல்லாம் வாங்கி, கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் காலை, தண்ணீர் ஊற்றப்போகிற அதே நேரத்துக்கு ஓர் ஒத்திகை பார்த்தோம். அய்யர்கள் நிற்கிற சாரம் கோபுரத்துக்குக் கிழக்கே இருந்தது. அவர்கள் கையும் கலசமும் சேர்ந்து தெரிய வேண்டுமென்றால் மேற்கே நின்று, சூரியனைப் பார்த்துத்தான் எடுத்தாக வேண்டும். வீட்டுக்காரர் பிடிவாதத்துக்காக முதலில் கவரோடு ஏற்றினேன். வெயில் அதன் வளைவில் பட்டு, திரையில் குறுக்கே வெள்ளையாக ஒரு பட்டை. கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. இறக்கி, கவரைக் கழற்றிவிட்டு ஏற்றினேன். கலச நுனி ஊசி போலத் தெரிந்தது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"இன்னைக்குத் தண்ணி ஊத்தலையே. நாளைக்குக் குடம் குடமா ஊத்துவாக. ஒரு சொட்டு லென்ஸ்ல விழுந்தா திரை முழுக்க அந்தச் சொட்டுதான் தெரியும்."

"கவர்ல விழுந்தாலும் தெரியத்தாங்க செய்யும்!"

"லென்ஸ் கெடாதுல்ல?"

"அண்ணன் லென்ஸையா பாக்க வாராரு?"

அவர் கவரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். காற்று தெற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. நான் தென்மேற்கு மூலையில் நின்றால் தண்ணீர் வடக்கே தெறிக்கும், என் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கணக்கு சரி. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ட்ரோனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அய்யம்மாள் அக்கா சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக நிற்கிறார். ஜெனரேட்டருக்குப் பொட்டு, மைக் செட்டுக்குப் பொட்டு, டிரைபாடின் மூன்று காலுக்கும் பொட்டு. நல்ல காரியத்துக்கு வந்த எந்த இயந்திரத்தையும் அக்கா விடவில்லை. ட்ரோனுக்கு நெற்றி எது என்று தேடியிருக்கிறார். முன்பக்கம் முகம் மாதிரி இருந்தது ஒன்றுதான். அங்கே, கேமராவுக்கு நேர் நடுவில், கட்டைவிரல் பருமனுக்குச் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம்.

என் லென்ஸை யாரும் தொட நான் விட்டதில்லை. கட்டிய புருஷனையே விட்டதில்லை.

"நல்லா எடு சாமின்னு கும்புட்டுத்தான் வச்சேன் தாயி," என்றார் அக்கா.

குனிந்து பார்த்தேன். பொட்டு இருந்தது கவரில். நான் டீக்குப் போன நேரத்தில் என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் மாட்டியிருக்கிறார். நிமிர்ந்தேன். மனுஷன் ஒன்றும் தெரியாதவர் போலக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரையில இருக்கும்போது நீங்க சொல்றது சரிதான்," என்று சொல்லிவிட்டு, கவரைப் பொட்டோடு கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டேன். "மேல போறப்ப நான் சொல்றதுதான்."

மேளம் உச்சத்துக்குப் போனது. ட்ரோனைத் தென்மேற்கு மூலையில் நிறுத்தினேன். குடங்கள் சாரத்தில் ஏறிவிட்டன. அய்யர்கள் குடத்தைத் தூக்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கருடன் வந்து வட்டமிட்டால்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். கீழே மொத்தக் கூட்டமும் அண்ணாந்து நின்றது. சோலைமலை அண்ணன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கருடா! கருடா!" என்று கூட்டம் கத்தியது. தெற்கே தென்னந்தோப்புப் பக்கமிருந்து ஒரு பருந்து, நேராக நான் நிற்கிற மூலைக்கே வந்தது. இதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. அதற்கு வழி விட்டே ஆகவேண்டும். இறக்கையில் பட்டால் அந்த உயிருக்கும் ஆபத்து, ஊரும் என்னைச் சும்மா விடாது. ட்ரோனை வடமேற்குக்குத் தள்ளினேன்.

"காத்து அந்தப் பக்கம்!" என்று கத்தினார் வீட்டுக்காரர்.

"தெரியும்!" என்றேன். தெரியத்தான் செய்தது. பின்னால் போயிருந்தால் நனையாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தூரத்தில் கலசம் பொம்மை மாதிரி ஆகிவிடும். காட்டுகிறேன் என்று சொன்னவள் நான். நின்றேன்.

குடம் சாய்ந்தது. தண்ணீர் கலச நுனியில் விழுந்து, இரண்டாகப் பிரிந்து, செம்பின் தோளில் வழிந்து இறங்கியது. திரையில் ஒவ்வோர் இழையும் தெரிந்தது. அப்படி ஒரு படம் என் வாழ்நாளில் எடுத்ததில்லை.

அடுத்த குடத்தில் காற்று வலுத்து வீசியது. திரையின் நடுவில் பொத்தென்று ஒரு சொட்டு. கலசம் அதற்குள் தலைகீழாக மிதந்தது. கூட்டத்தில் "அடடா" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்சம் விட்டுத்தான் வைத்திருக்கக் கூடாதா இந்தக் காற்று என்று ஆத்திரம். அண்ணன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன்.

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். முகத்தைத் திரைக்கு நேராக நீட்டி, கண்ணை இறுக மூடியிருந்தார். தண்ணீர் தெறிக்கும்போது மூடுவோமே, அப்படி. "எம்மேல விழுந்துருச்சு," என்றார் அய்யம்மாள் அக்காவிடம். "எம்மேலயும் விழுந்துருச்சு அய்யம்மா."

ட்ரோனை மெதுவாக இறக்கினேன். இறங்கி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் துடைக்கிற துணியோடு ஓடி வந்தார். அவர் கையைப் பிடித்தேன். சொட்டு இன்னும் லென்ஸ் மேலேயே நின்றிருந்தது. ட்ரோனைச் சாய்க்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, கலசத்துத் தண்ணி. எடுத்துக்கங்க."

அவர் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தொடலாமாத்தா? வெலையுள்ள சாமானாச்சே."

"தொடுங்கண்ணே."

சிமெண்டு தின்று தின்று சொரசொரப்பாகிப்போன கொத்தனார் விரல். அதால் அந்தச் சொட்டை அழுத்தி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். மிச்சம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை வழித்து அய்யம்மாள் அக்கா நெற்றியில் வைத்தார்.

லென்ஸில் கீறல் விழுந்திருக்கும். விழட்டும்.