பீரோ ஏறினால்தான் வீடு

விவாகரத்துக்குப் பிறகு நான் சொந்தமாக எடுத்த முதல் முடிவு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தது. என் முடிவுகளின் லட்சணம் இதிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் சாவியைக் கையில் வாங்கியபோது என் வாய் காது வரை போனது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் திரும்பினால் அடுத்தவர் வெளியே போகவேண்டிய சமையலறை. அடுத்தவரே கிடையாது என்பதுதான் அந்தச் சமையலறையின் விசேஷம்.

அப்பாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவர் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தருகிற தொழில் செய்கிறவர். ஊரில் பாதிப் பேரின் கட்டிலைச் சிரித்த முகத்தோடு ஏற்றி இறக்கியவருக்கு, பெற்ற மகள் வீடு மாறுகிறாள் என்றதும் முகம் தொங்கிவிட்டது.

"தனியா எதுக்கும்மா? இங்க உன் ரூம் அப்படியேதானே இருக்கு?"

"அதான்ப்பா பிரச்சினை. அப்படியேதான் இருக்கு."

இழுபறி கொஞ்ச நாள் ஓடியது. கடைசியில் அப்பா தொழில்காரராக ஒரு நிபந்தனை போட்டார்.

"சாமான் நுழையாத வீடு வீடே இல்ல. பீரோ அந்த வீட்டுக்குள்ள போச்சுன்னா நீ இரு. போகலைன்னா, மறுபேச்சு பேசாம எங்களோட வண்டியில ஏறிடணும். சரியா?"

"சரி," என்றேன் உடனே. நானும் அவர் மகள்தானே, அவருடைய அளவு டேப்பைத் திருடிக்கொண்டுபோய் முன்பே படிக்கட்டை அளந்து வைத்திருந்தேன். கடைசித் திருப்பத்தில் ஒரு கை அகலம் மிச்சம் இருந்தது.

அந்த பீரோ, என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்தது. இரும்பு. கதவில் ஆளுயரக் கண்ணாடி. என்னோடு கணவர் வீட்டுக்குப் போனது, என்னோடு திரும்பி வந்தது. அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஜன்னலைத் திறந்தால் தூசி வரும் என்பார். வாய்விட்டுச் சிரித்தால் எதிர்வீட்டுக்குக் கேட்கும் என்பார். தூசியும் வராமல் சத்தமும் போகாமல் இருக்க, நான் பேசாமல் அந்த பீரோவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கலாம்.

திரும்பி வந்த அன்று, புகுந்த வீட்டு வாசல் கேட்டில் உரசி பீரோக் கதவில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. வழியெல்லாம் அப்பா வண்டியின் பின்னால் உட்கார்ந்து அந்தக் கீறலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தார்.

வீடு மாறும் நாள் வந்தது. கீழ்ப்பக்கம் தூக்க அப்பாவும் என் தம்பி தடியனும். மேல்பக்கம் பட்டையைப் பிடித்து இழுக்க நான். சின்ன வயதிலிருந்தே பழகிய வேலை. அவர்களுக்குப் பின்னால் சாப்பாட்டுப் பையோடு அம்மா. எல்லாருக்கும் பின்னால், அப்பாவின் அக்காவான என் அத்தை, வெறுங்கையோடு, வாய் நிறைய யோசனையோடு.

"ஏத்து! சாய்! வலது பக்கம்! உன் வலது இல்லடா, என் வலது!" என்று தடியனை விரட்டினார் அப்பா.

முதல் மாடி ஆயிற்று. இரண்டாம் மாடி ஆயிற்று. என் நெஞ்சு படிக்குப் படி துள்ளியது. கடைசித் திருப்பத்தில் பீரோ 'மொத்'தென்று நின்றது. இழுத்தோம், தள்ளினோம், தடியன் முதுகைக் கொடுத்து முட்டினான். அசையவில்லை.

"அளந்தியா நீ?" என்றார் அப்பா, பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து.

"அளந்தேன்ப்பா! இடம் இருந்துச்சு!"

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றது அத்தையின் குரல். "தனியா போகாதேன்னு பீரோவே சொல்லுது. அதுக்கு இருக்குற புத்தி கூட இவளுக்கு இல்ல."

"சரி விடு," என்றார் அப்பா. குரலில் நிம்மதி தெரிந்த மாதிரி இருந்தது எனக்கு. "கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு இறக்கிடலாம்."

அவர்கள் படியில் உட்கார்ந்தார்கள். ஃபிளாஸ்க் திறக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: மொத்தக் குடும்பமும் பீரோவுக்கு அந்தப் பக்கம். நானும் என் வீடும் மட்டும் இந்தப் பக்கம்!

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். படுக்கையறை ஜன்னலின் இரண்டு கதவுகளையும் விரியத் தள்ளினேன். காற்று திமுதிமுவென்று உள்ளே வந்தது. கூடவே தூசியும் வந்தது. வரட்டும், அதற்கும் இதுதான் வீடு. காலி அறையில் கையை விரித்துச் சுற்றினேன், தலை கிறுகிறுத்துத் தரையில் பொத்தென்று விழுந்தேன், விழுந்த அழகை நினைத்துச் சிரித்தேன். வெற்றுச் சுவர்கள் அந்தச் சிரிப்பை வாங்கி எனக்கே திருப்பிக் கொடுத்தன.

"மேல என்ன சத்தம்?" என்றாள் அத்தை.

"சிரிக்கிறா அண்ணி," என்றாள் அம்மா. "விடுங்க."

இந்த வீட்டையா விட்டுவிட்டு வண்டியில் ஏறுவது? எழுந்து மறுபடி படிக்கட்டுக்கு ஓடினேன். எதிர்ப் போர்ஷனிலிருந்து சீருடையோடு ஒரு நர்ஸம்மா பையைத் தோளில் மாட்டியபடி வெளியே வந்தார். பீரோவை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருங்க இது? எங்க வார்டுல கூட இவ்வளவு பெரிய கட்டு யாருக்கும் போட்டதில்லையே!"

நான் பீரோவைத் தொட்டுப் பார்த்தேன். கம்பளி. அதற்குள் அட்டை. அதற்குள் குமிழ் குமிழான பிளாஸ்டிக் தாள். அதற்குள் மறுபடி கம்பளி. என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது; இரும்பு தட்டுப்படவில்லை.

"அப்பா! எத்தனை கம்பளி சுத்தினீங்க?"



"வண்டியில இருந்த எல்லாத்தையும்," என்றான் தடியன்.

"நீ சும்மா இருடா."

காசு கொடுக்கிற வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு கம்பளி சுற்றுகிற மனிதர் அவர்.

"பிரிச்சிடலாம்ப்பா. தானா ஏறிடும்."

"வேணாம்மா. சுவர்ல பட்டுக் கீறல் விழும்."

"விழட்டும்."

"ஏற்கெனவே ஒரு தடவை..." என்று ஆரம்பித்து அப்பா நிறுத்திவிட்டார்.

பேச்சு பீரோவைப் பற்றியா என்று எனக்கும் சந்தேகம் வந்தது.

"அந்தக் கீறலோடதானேப்பா இன்னிக்கும் கதவு நல்லா திறந்து மூடுது?"

அத்தைகூட வாயைத் திறக்கவில்லை. அது வேறு எனக்குப் பயமாக இருந்தது. பிறகு அப்பா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கத்திரி இருக்கா?"

நர்ஸம்மா பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "கட்டுப் பிரிக்கிற கத்திரி. முனை மழுங்கலா இருக்கும். உள்ள இருக்கிறவங்களுக்கு வலிக்காது."

வெட்டினேன். கம்பளிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து கீழே போயின. "ஐயோ, என் தலை!" என்று அத்தை அலறினாள். கண்ணாடி வெளியே வந்தது. அதில் நான்: தலையெல்லாம் தூசி, மூக்கின் கீழே அழுக்கில் கறுப்பாக ஒரு மீசை. அப்படியொரு சந்தோஷமான திருட்டு முழியை நான் அதில் பார்த்ததே இல்லை.

"ஏத்துடா!" என்றார் அப்பா.

'கிரீச்'சென்று ஒரு சத்தம். சுவரை ஒரு உரசு உரசிவிட்டு பீரோ திரும்பியது, ஏறியது, என் வாசலுக்குள் நுழைந்தது!

"ஹோய்!" என்று நான் கத்தியதில், படியிறங்கிக்கொண்டிருந்த நர்ஸம்மாவும் பதிலுக்கு "ஹோய்!" என்றார்.

படுக்கையறையில் பீரோவை நிறுத்திவிட்டு அப்பா குனிந்து பார்த்தார். பழைய கீறலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று, அதைவிட நீளமாக. கட்டைவிரலால் ஒரே ஒரு முறை தேய்த்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு நேராக ஜன்னலுக்குப் போனார்.

"தூசி வருதே," என்றார்.

மூடப்போகிறார் என்று நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அப்பா கீழே கிடந்த அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து மடித்து, ஜன்னல் கதவின் இடுக்கில் அழுத்திச் செருகினார்.

"காத்துக்கு அடிச்சு அடிச்சு மூடிக்கும். இனிமே திறந்தே நிக்கும்."

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். வண்டியில் கம்பளிக் குவியலுக்கு நடுவில் அத்தை மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுக் கை அசைத்தேன். தடியன் ஹாரனை அழுத்திக்கொண்டே போய் அப்பாவிடம் மண்டையில் ஒன்று வாங்கினான். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

எதிர்க் கட்டடத்தில் ஒரு ஜன்னல் திறந்து, யாரோ எட்டிப் பார்த்தார்கள். கேட்டுவிட்டது போலிருக்கிறது.

அவர்களுக்கும் கை அசைத்தேன்.