எந்த மருந்து

மூன்றாவது சந்திப்பா நான்காவதா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. அம்மாக்கண்ணு ஒன்று சொன்னாள், ரூபினி வேறு சொன்னாள். அன்று மழை பெய்ததா என்பதும் சந்தேகம்தான். ஆனால் ரூபினி வாசித்த வரிகளில் குழப்பமில்லை. அம்மாக்கண்ணு அவற்றை இன்றும் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வாள்.

எஸ்டேட் கிளினிக்கின் பின்னறை. அம்மாக்கண்ணுவுக்கு ஒரு வருடமாகக் கை நடுக்கம், தூக்கமில்லை. ஒரு நாள் கணக்கெழுதும் கிராணியின் மேசையைத் தட்டிக் கத்திவிட்டாள். ஆபீஸ் அவளை, கோலாலம்பூரிலிருந்து வரவழைத்த மனநல ஆலோசகர் ரூபினியிடம் அனுப்பியது. ஆபீஸ் தாளில் 'தோட்டத் தொழிலாளி' என்று மட்டும் இருந்தது. இவளுக்கு இது ஏன் வந்தது, ஏன் விடாமல் தொடர்கிறது என்று ரூபினி கோர்த்து எழுதும் விளக்கம் வெள்ளிக்கிழமை துரை கைக்குப் போகும். புத்தி சரியில்லை என்று அதில் இருந்தால் வேலை போகும், எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும்.

"அனுப்புறதுக்கு முன்னால படிச்சிக் காட்டுறேன் ஆன்ட்டி. தப்பா இருந்தா சொல்லுங்க லா."

ரூபினி வாசித்தாள். "சிறு வயதில் தந்தை கடுமையாக அடித்திருக்கிறார். அதனால் அதிகாரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் தமக்குக் கேடு செய்வதாக எண்ணுகிறார். துரை மருந்து கொடுத்துத் தம்மைக் கொல்வதாக நம்புகிறார். மருந்து வேண்டாமென்று மறுக்கிறார்."

அம்மாக்கண்ணு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"எங்கப்பன் அடிச்சது நெசந்தான். செத்து இருவது வருசமாச்சு. அந்தாள எதுக்கும்மா இங்க கூட்டியாந்த?"

"காரணம் தெரியணும்ல ஆன்ட்டி..."

"எந்த மருந்துன்னு கேட்டியா?"

"டாக்டர் குடுத்த மாத்திரைதானே?"

"மாத்திரையா!" அம்மாக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பதினஞ்சு லிட்டர் மாத்திரைய முதுகுல கட்டிக்கிட்டு எவளாச்சும் மலை ஏறுவாளா?"

எழுந்து ஜன்னலைத் திறந்தாள். எதிர்ச் சரிவில் நான்கு பேர் தெளிக்கும் டாங்கி சுமந்து களைக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை அறைக்குள் வந்தது.

"அதான் மருந்து. பதினோரு வருசமா நான் அடிக்கிறது."

ரூபினியின் முகம் வெளுத்தது. "அது... ராச்சுன். விஷம். ராச்சுன்னு சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே ஆன்ட்டி."

அந்த ஒரு பேச்சில்தான் அம்மாக்கண்ணு கொதித்துப்போனாள்.

"ஓ, தப்பு என் மேலயா? என் அப்பன், என்னை விட்டுட்டு ஓடுன புருசன், நான் காணுற கனவு, எல்லாம் கேட்ட. கையுறை குடுக்குறாங்களா, காத்து மூஞ்சிக்கு அடிச்சா என்ன செய்வேன்னு ஒரு வார்த்த கேட்டியா? எனக்குப் பைத்தியமோன்னு இத்தன நாளா நானே நம்பிட்டேன்மா!"

அவளுக்குப் பொறுக்க முடியாதது அதுதான். ரூபினியிடம் வரத் தொடங்கியதிலிருந்து, நடுங்கும் கையைப் பார்க்கும்போதெல்லாம் செத்துப்போன அப்பனைத் திட்டியிருக்கிறாள்.

ரூபினி பேனாவை எடுத்தாள். "அந்த வரிய அடிச்சிர்றேன்."

"வரிய இல்ல. முழுசா எழுது. அப்பன் இருக்கட்டும், அது உண்மை. ஆனா கை அவனால நடுங்கலன்னு போடு. என் முன்னாலயே எழுது."

ரூபினி எழுதினாள். அம்மாக்கண்ணு ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், விஷம் ஏறியிருந்தது. அம்மாக்கண்ணுவைக் கொழுந்து பறிக்க மாற்றினார்கள். லைன் வீட்டில்தான் இருக்கிறாள், வலது கை இன்னும் நடுங்குகிறது. ரூபினியை எஸ்டேட் மறுபடி கூப்பிடவில்லை. அவள் ஈப்போவில் வேலை பார்க்கிறாள், வந்து உட்காருகிறவர்களிடம் முதலில் என்ன வேலை என்று கேட்கிறாள். துரை மாற்றலாகிப் போனார். அம்மாக்கண்ணுவின் டாங்கி இப்போது பங்களாதேஷிலிருந்து வந்த ஒருவர் முதுகில் இருக்கிறது. அவருக்கும் கையுறை கொடுக்கவில்லை.