நூறும் இடக்கை

வெட்டி அடுக்கியிருந்த சட்டைக் கைகளில் இரண்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்த தையல் கம்பெனியின் கட்டிங் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டும் இடக்கை. இன்னும் இரண்டை உருவினாள். அதுவும் இடக்கை. நூறில் பேருக்குக்கூட ஒரு வலக்கை இல்லை.

துணியின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி மடித்து விரித்தால்தான் ஒரே வெட்டில் இடமும் வலமும் ஜோடியாக விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பாடம் அது. பதினோரு வருஷமாக ஒரு நாள்கூட லீவு போடாத மகராசி, இன்று எல்லாத் துணியையும் ஒரே பக்கமாக விரித்துத் தொலைத்திருக்கிறாள். மூன்று நாள் காய்ச்சலோடு கத்தி பிடித்தால் வேறென்ன நடக்கும்? ஆனால் தான் ஒரு நாள் படுத்தால் ஊரே சட்டையில்லாமல் திரியும் என்பது அவள் நினைப்பு.

வேலை போச்சு என்று முடிவே கட்டிவிட்டாள். முதலாளியம்மா வந்து சட்டைக் கைகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போய்ப் படு. மூணு நாளைக்கு இந்தப் பக்கம் தலைகாட்டாதே."

"நான் இல்லேன்னா எப்படிம்மா?"

"நீ இருந்துதானே இந்த லட்சணம்!"

வீட்டில் ஆள் இல்லை. படுத்தாள். கழுவாத பாத்திரம் ஞாபகம் வந்தது, எழுந்தாள். தலை சுற்றியது, மறுபடி படுத்தாள். பட்டப்பகலில் படுத்திருப்பது ஏதோ திருட்டுத்தனம் போல உறுத்தியது. உறுத்தலோடு உறுத்தலாகக் கண் செருகிவிட்டது.

மூக்கருகே ஏதோ குறுகுறுத்தது. விழித்தாள். பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல், அவள் மூக்கடியில் விரல் வைத்துக்கொண்டு மகள் நின்றாள்.

"என்னடி பண்ற?"

"மூச்சு வருதான்னு பார்த்தேன்," என்றவள் ஓவென்று அழுதாள். "நீ படுத்து நான் பார்த்ததே இல்லையேம்மா!"

நூறு இடக்கையைப் பார்த்தபோதுகூட அக்காவுக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை. அம்மா படுத்தால் செத்துப்போயிருப்பாள் என்றுதான் பெற்ற பிள்ளைக்கே தோன்றியிருக்கிறது.

காபி போட்டுக் கொடுக்கலாம் என்று பழக்கத்தில் எழப்போன உடம்பைப் பிடித்து நிறுத்தினாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"அப்படின்னா இன்னிக்கு நல்லாப் பார்த்துக்கோ. அம்மா தூங்கப் போறேன்."

கண்ணை மூடினாள். இந்தத் தடவை உறுத்தவில்லை. மகள்தான் நம்பிக்கை வராமல், இன்னொரு தரம் மெல்ல விரலை நீட்டிப் பார்த்தாள்.