டேங்க் என்று எழுதிய இடம்

கணினித் திரையில் ஒரு ரயில் நிலையம் விரிந்தபோது கலைப்பிரியா சுட்டியை நகர்த்துவதை நிறுத்தினாள். இங்கிலாந்தின் கடலோர உல்லாச நகரம் ஒன்றின் மிகப் பழைய வரைபடத் தாள்களில் ஒன்று அது. விளக்குக் கம்பம், மாடிப்படி, கடலில் குளிக்க வருவோர் தங்கும் விடுதியின் தோட்டத்து மரம் என ஒன்றையும் விடாமல் பெரிய அளவில் வரைந்திருந்தார்கள். அக்கோடுகளின் மீது கோடிழுத்து, கட்டடத்துக்குச் சிவப்பும் நீருக்கு நீலமும் நிரப்பி லண்டன் நிறுவனத்துக்கு அனுப்புவது, திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இயங்கிய அந்த அலுவலகத்தின் வேலை. இப்போது தண்டவாளத்தை ஒட்டி, நகத்தளவுச் சதுரம் ஒன்றின் அருகே 'டேங்க்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

நடைமேடையில் யாராவது ஏரி வெட்டுவார்களா?

பனமலை ஏரிக்கரையின் அரசுப் பலகையில், ஏரியின் பெயரோடு ஆங்கிலத்தில் இருப்பது அதே சொல்தான். பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அதை எழுத்துக்கூட்டிப் படித்தவள் அவள். ஆகவே சென்ற வாரம் அனுப்பிய தாள்களில், அச்சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் சுற்றுமதில் வரை நீலத்தை நிரப்பியிருந்தாள். விடுதித் தோட்டத்து மரங்களைக்கூட, ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்கள் என்றே எண்ணிவிட்டாள்.

"அக்கா, டேங்க்னா ஏரிதானே?"

பக்கத்து இருக்கையில் அமலா இருந்தார். அவளது வேலையைச் சரிபார்ப்பவர் அவர். அவளுக்காகப் பொறுப்பேற்று இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவரே.

"பின்ன இன்னா, எருமமாடா? பனமலக்காரி என்னாண்ட வந்து ஏரிய கேக்குறா பாரு!"

கலைப்பிரியா திரையைச் சுட்டினாள். அமலாவின் சிரிப்பு வடிந்தது. அவர் பார்வை சன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு மொட்டைமாடியில் வெயில் காயும் கருப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் நின்றது.

"ஆண்டவரே... நானும் பாக்காம ஓகே குட்த்துட்டேனே."

"சார்கிட்ட சொல்லிடலாங்களாக்கா?"

"பைத்தியமா உனுக்கு? ராஜ்குமாரு இன்னா ஆனான்? வாயத் தொறக்காத. அவங்களே கேட்டா பாத்துக்கலாம்."

உடன் வேலை பார்த்த ராஜ்குமாரை ஒரே ஒரு பிழைக்காக நண்பகலில் இருக்கையிலிருந்து எழுப்பி, வேலையை விட்டே அனுப்பினார்கள். திறக்காத சாப்பாட்டு அடுக்குடன் அவன் படியிறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். கலைப்பிரியாவுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இதுவும் போனால் மறுபடி செருப்புக் கம்பெனி வேன், பசை நாற்றம். ஆனால் அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று இருந்தது. அவர்களாகவே கண்டுபிடித்தால், சரிபார்த்தவர் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அலுவலகப் பொறுப்பாளர் தென்னரசு உற்சாகமாக உள்ளே வந்தார். "எல்லாரும் ஜல்தி வாங்க! லண்டன்காரங்க லைன்ல கீறாங்க. சூப்பரா பண்ணிக்கிறீங்கன்னு மெயில் போட்டுக்கிறாங்க. நம்ம தாளையே போட்டுக் காட்டலாம்."

சுவர்த் திரையில் நகரம் தோன்றியது. தென்னரசு பெருமையுடன் அதை மெதுவாக நகர்த்தினார். கடலுக்குள் நீண்ட மரப்பாலம் கடந்தது. மணற்கரை கடந்தது. அடுத்தது விடுதி. தானே முந்திச் சொன்னால், பழி ஒருவேளை தன்னோடு நின்றுவிடக்கூடும் என்று கலைப்பிரியாவுக்குத் தோன்றியது.

"சார்..."

கலைப்பிரியா மெல்லக் கூப்பிட்டாள். மேசைக்கடியில் அமலாவின் குளிர்ந்த விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. தென்னரசு திரும்பிப் பார்த்தார். அவர் கை மட்டும் நகர்த்துவதை நிறுத்தவில்லை. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்த லண்டன்காரரின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. திரையின் அடியிலிருந்து, விடுதித் தோட்டத்தை மூடிய நீலம் மேலேறி வந்தது. மரங்களின் பொடிப்பொடி வட்டங்கள் அதில் கழுத்தளவு நின்றன.